முந்திச் செல்லும் குழந்தைக்குத் தொடக்கப் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

ஏழு வயது மகளைப் பற்றி ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகள் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான்காம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள கணக்குகளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே போடுகிறாள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறாள். ஆனால் வகுப்பில் கவனம் இல்லை, எழுத்து வேலையை முடிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று ஆசிரியை டைரியில் எழுதி அனுப்புகிறார். உறவினர்கள் டபுள் புரமோஷன் கேட்கச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஐ.க்யூ. சோதனை எடுத்துவிட்டு அந்தச் சான்றிதழோடு பள்ளிக்குப் போகச் சொல்கிறார். பள்ளியிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மீண்டும் மீண்டும் செய்யவைக்காமல், அப்படி மிச்சமாகும் நேரத்தில் அவளுக்கு உண்மையிலேயே புதிதாக இருக்கும் ஒன்றை, அதே வகுப்பறையில், அவளுடைய ஆசிரியையின் பொறுப்பில் கொடுக்க வேண்டும். சான்றிதழ், தனி வகுப்பு, வகுப்பைத் தாண்டுதல் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை; சில குழந்தைகளுக்குத் தேவைப்படுபவை, பலருக்குத் தேவைப்படாதவை. இந்த ஒன்று மட்டும் முந்திச் செல்லும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒவ்வொரு பள்ளி நாளும் தேவை.

முதலில், குழந்தை எதில், எவ்வளவு தூரம் முந்தியிருக்கிறாள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து வயதில் சரளமாக வாசிப்பதும், பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்பதும், நாடுகளின் தலைநகரங்களைக் கடகடவென்று சொல்வதும் பெற்றோர் கண்ணில் உடனே படுபவை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி வீட்டில் கிடைத்த பயிற்சியின் பலனாகவும் இருக்கலாம். மூன்றாம், நான்காம் வகுப்புக்குள் மற்றக் குழந்தைகளும் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். அதைவிட நம்பத்தக்க அடையாளங்கள் வேறு. சொல்லிக்கொடுத்த வழியை விட்டுத் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கணக்குப் போடுவது, ஒரு பாடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் தானாகவே பொருத்திப் பார்ப்பது, விடை கிடைத்த பிறகும் ‘இது எப்போதும் இப்படித்தான் வருமா?’ என்று கேட்பது, பிடித்த ஒன்றில் நாள்கணக்கில் விடாமல் ஈடுபடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1978-இல் முன்வைத்த விளக்கத்தில், சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்த காரியத்தில் விடாமுயற்சி, படைப்பாற்றல் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் மீத்திறன், அதாவது வயதுக்கு மிஞ்சிய சிறப்புத் திறன், வெளிப்படுகிறது என்றார். சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இன்றும் எனக்கு இதுவே பயனுள்ள பார்வையாகத் தெரிகிறது. ஏனென்றால் பின்னிரண்டும் வளர்க்கக்கூடியவை, பள்ளியின் கையில் இருப்பவை.

திறன் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. கணக்கில் நான்காம் வகுப்பு நிலையில் இருக்கும் குழந்தையின் கையெழுத்து முதல் வகுப்பு நிலையில் இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் போல வாதாடும் குழந்தை, பென்சில் தொலைந்ததற்கு ஏழு வயதுக் குழந்தையாகவே அழலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் உதவித்தொகையை இழந்தார் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த வரலாறு. பெரிய மேதைக்கே நிகழ்ந்த இந்தச் சமனின்மை சிறிய அளவில் பல வகுப்பறைகளில் தினமும் நிகழ்கிறது. ‘இவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாதா?’ என்ற கேள்வியை வீட்டிலும் பள்ளியிலும் யாரும் கேட்காதிருப்பது முதல் உதவி.

கவனமின்மை பற்றி ஆசிரியை எழுதியிருப்பதையும் நீங்கள் தள்ளிவிடக் கூடாது. தெரிந்ததையே கேட்டுக்கொண்டிருப்பதால் வரும் சலிப்பு அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதுதான் காரணம் என்று உடனே முடிவு செய்வது சரியல்ல. கண்பார்வை, காது, தூக்கம் ஆகிய மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எழுத்து வேலை மட்டும் முடிவதில்லை என்றால் அதன் பின்னே எழுதுவதில் உண்மையான சிரமம் ஒன்று இருக்கலாம். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது உண்டு. அப்போது திறன் குறையை மறைக்கும், குறை திறனை மறைக்கும், குழந்தை நடுத்தரமான மாணவியாகக் காட்சி தருவாள். 1991-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய மதிப்பீட்டில் அனுபவம் உள்ளவை. சந்தேகம் இருந்தால், ஐ.க்யூ. எண்ணைத் தேடிப் போவதற்கு முன் இந்த வழியில் போவது நல்லது.

இனி அந்த ஐ.க்யூ. சோதனை. நம் உளவியலாளர்கள் சிறு குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் சோதனைகளில் பினே–காமத் சோதனை, மாலின் வகுத்த இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவுகோல், ரேவனின் வண்ண வடிவச் சோதனை ஆகியவை பரவலானவை. முதல் இரண்டின் ஒப்பீட்டு அளவுகள் பல பத்தாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டவை. தலைமுறைக்குத் தலைமுறை சோதனை மதிப்பெண்கள் பொதுவாக உயர்ந்துவந்திருப்பதால், பழைய அளவுகோலில் இன்றைய குழந்தையை நிறுத்தினால் எண் கூடுதலாக வரவே வாய்ப்பு அதிகம். மேலும் ஆறேழு வயதில் கிடைக்கும் எண் நிலையானதன்று. அன்றைய மனநிலை, சோதிப்பவரிடம் உள்ள கூச்சம், சோதனையின் மொழி எல்லாம் அதில் கலந்துவிடும். 1921-இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் ஐ.க்யூ. அடிப்படையில் ஏறத்தாழ 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வில், சோதிக்கப்பட்டும் தேர்வாகாமல் போனவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்ற இருவர் பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார்கள். குழந்தையின் பலமும் பலவீனமும் எங்கெங்கே என்று அறியச் சோதனை உதவும். கற்றல் குறைபாடு பற்றிய ஐயம் இருந்தாலோ, வகுப்பு தாண்டுவது பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தாலோ அவசியமாகவும் ஆகும். பள்ளியில் மேசைமேல் வைத்து உரிமை கேட்கும் சீட்டாக அதைக் கொண்டுபோனால், பேச்சு குழந்தையின் பாடத்தைப் பற்றியதாக இல்லாமல் அந்த எண்ணைப் பற்றியதாக மாறிவிடும்.

ஆசிரியையிடம் கொண்டுபோக வேண்டியது வேறு. மகள் தானாகப் போட்ட கணக்குகள், வாசித்து முடித்த புத்தகங்களின் பட்டியல், அவள் எழுதிய ஒரு கதை, கேட்ட இரண்டு மூன்று கேள்விகள் ஆகியவை போதும். ‘என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்’ என்று தொடங்கினால் எந்த ஆசிரியரும் தற்காப்பு நிலைக்குப் போய்விடுவார். ‘நீங்கள் எழுதியிருந்தது எங்களுக்கும் கவலையாக இருக்கிறது, இவள் வீட்டில் இப்படிச் செய்கிறாள், வகுப்பில் என்ன பார்க்கிறீர்கள் மிஸ்?’ என்று தொடங்கினால் அதே ஆசிரியை உங்களோடு சேர்ந்து யோசிப்பார். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பல தனியார் பள்ளி வகுப்புகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் சமாளிக்கிறார். அவரிடம் பெரிய திட்டம் கேட்பது நியாயமாகாது. சிறிய, நடக்கக்கூடிய மாற்றங்களைக் கேட்பதே குழந்தைக்கும் பயன்தரும்.

அத்தகைய மாற்றங்களில் தலையாயது, பாடத்துக்கு முன்பே சோதித்துப் பார்ப்பது. ஓர் அலகைத் தொடங்கும் முன், அந்த அலகின் இறுதியில் உள்ள பயிற்சியை மகளிடம் கொடுத்துப் போடச் சொல்லலாம். விரும்பினால் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம், ஏனென்றால் ஆசிரியை எதிர்பாராத வேறு சில பிள்ளைகளும் அதில் வெளிப்படுவார்கள். பத்துக்கு ஒன்பது சரியாகப் போடும் பிள்ளை அந்த அலகின் பயிற்சிகளை மறுபடி செய்யத் தேவையில்லை. விட்டுப்போன ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். ரென்சுல்லியும் அவருடைய குழுவினரும் கனெடிகட் பல்கலைக்கழகத்திலிருந்து 1990-களின் தொடக்கத்தில் தொடக்க வகுப்புகளில் நடத்திய ஆய்வில், திறன் மிகுந்த மாணவர்களின் வழக்கமான பாடத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காட்டை நீக்கியபோதும் அவர்களுடைய தேர்வு மதிப்பெண்கள் குறையவில்லை. வகுப்பில் கழியும் பாதி நேரம் அந்தக் குழந்தைகளுக்கு எதையும் சேர்க்கவில்லை என்பதுதான் இதன் பொருள்.

ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவது பாதி வேலைதான். அதை எதனால் நிரப்புகிறோம் என்பதில்தான் பள்ளிகள் சறுக்குகின்றன. முதலில் முடித்துவிட்ட பிள்ளைக்கு அதே வகைக் கணக்கில் இன்னும் இருபது கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சீக்கிரம் முடித்தால் தண்டனை என்று ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டே நாளில் புரிந்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து அவள் மெதுவாகச் செய்யத் தொடங்குவாள், அல்லது பக்கத்துப் பிள்ளையோடு பேசத் தொடங்குவாள். இன்னொரு வழக்கம், அவளை எப்போதும் குட்டி ஆசிரியை ஆக்கி மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்வது. எப்போதாவது செய்தால் அது நல்ல பழக்கமே, பிறருக்கு விளக்கும்போது தன் புரிதலும் தெளிவாகும். அதுவே அன்றாட வேலையானால், பள்ளியில் தனக்குக் கற்க ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை அது அவளுக்குள் விதைத்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கும் அவள்மேல் வெறுப்பு வரும்.

கொடுக்க வேண்டியது, அதே பாடத்தின் ஆழமான வடிவம். வகுப்பு ஈரிலக்கக் கூட்டல் படிக்கும்போது, கூட்டினால் 100 வரும் ஈரிலக்க எண் ஜோடிகள் எத்தனை என்று அவளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வரிசையை மாற்றி எண்ணாவிட்டால் 41 ஜோடிகள் உண்டு. ஆனால் விடையைவிட, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்ற அடுத்த கேள்வியே முக்கியம், ஏனென்றால் அங்கேதான் அவள் முதல்முறையாக நிரூபணம் என்ற ஒன்றைச் சந்திக்கிறாள். ஒன்றுமுதல் ஒன்பதுவரை உள்ள எண்களை மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எப்பக்கம் கூட்டினாலும் 15 வருமாறு அடுக்கச் சொல்லலாம். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தில் மாயச் சதுரங்கள் எனப்படும் இத்தகைய கட்டங்கள் இடம்பெற்றிருப்பதை அதோடு சேர்த்துச் சொன்னால் குழந்தையின் கண் விரியும். தமிழ்ப் பாடத்தில், படித்த கதையை அதில் வரும் வேறொரு பாத்திரம் சொல்வதுபோல மாற்றி எழுதவைக்கலாம். பாட்டியிடமும் அண்டைவீட்டாரிடமும் கேட்டு ஊரில் வழங்கும் மீன் பெயர்களையோ நெல் பெயர்களையோ தொகுத்து ஓர் அகராதி செய்யவைக்கலாம். சூழ்நிலையியலில், பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு மணிக்கொருமுறை நிழலை அளந்து வரையவைக்கலாம். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. ஆசிரியை வாரத்தில் ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து அவள் செய்ததைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். அது இல்லாமல் வேலையைக் கொடுத்துவிட்டு மூலையில் விட்டால், குழந்தை அதைத் தன்னை ஒதுக்கிவைத்ததாகவே உணரும்.

கணக்கில் மட்டும் மிகத் தொலைவு முந்தியிருக்கும் குழந்தைக்கு, கணக்குப் பாடவேளையில் மட்டும் மேல்வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது நல்ல வழி. இரண்டு வகுப்புகளுக்கும் கணக்குப் பாடவேளை ஒரே நேரத்தில் வருமாறு கால அட்டவணையை அமைத்தால் போதும். நண்பர்கள், விளையாட்டு, மதிய உணவு எல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடே இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்கக்கூடியவற்றில் இதுவே பயனும் எளிமையும் கூடிய கோரிக்கை என்பேன். அதோடு, தேவையற்ற வீட்டுப்பாடத்திலிருந்து விலக்கும் கேளுங்கள். கேள்வி–பதிலை மூன்றுமுறை எழுதிவரச் சொல்லும் வழக்கம் எந்தக் குழந்தைக்கும் பெரிய நன்மை செய்வதில்லை. இத்தகைய குழந்தைக்கு அது நேரடியாகத் தீங்கு செய்கிறது.

டபுள் புரமோஷனைப் பொதுவாகத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பைத் தாண்டிய குழந்தைகள் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அயோவா பல்கலைக்கழகத்தின் கல்வியாளர்கள் 2004-இல் வெளியிட்ட அறிக்கை, தகுந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் படிப்பில் தெளிவான நன்மை உண்டு, நட்பிலும் மனநலத்திலும் அஞ்சுமளவு பாதிப்பு வருவதில்லை என்றே முடிவுக்கு வந்தது. ‘பெரிய பிள்ளைகளோடு ஒட்டமாட்டாள்’ என்று சொல்லி உடனே மறுக்கும் தலைமையாசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் நிபந்தனைகள் பல. எல்லாப் பாடங்களிலும் மேல்வகுப்பின் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும். குழந்தை தானே விரும்ப வேண்டும். மேல்வகுப்பு ஆசிரியர் மனமுவந்து ஏற்க வேண்டும். அக்காவோ அண்ணனோ படிக்கும் வகுப்பிலேயே கொண்டுபோய் உட்காரவைக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் செய்யாமல் தொடக்கத்தில் செய்து, சில வாரங்கள் பார்த்து, சரிவராவிட்டால் அவமானமின்றித் திரும்ப வழி இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பொதுவாக ஐந்து வயது நிறைந்ததும் முதல் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். நீட் தேர்வு எழுத அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து வயது முடிந்த உடனே முதல் வகுப்பில் சேர்ந்து, நடுவில் ஒரு வகுப்பையும் தாண்டிய குழந்தைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டில் அந்த வயது வராமல் போகலாம். பிறந்த மாதத்தைப் பொறுத்தது அது. ஏழு வயதுக் குழந்தை மருத்துவராக வேண்டும் என்று இப்போதே யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் ஒரு கதவை மூடிவிடவும் வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவிலும் மாற்றுச் சான்றிதழிலும் வகுப்பு விவரம் எப்படிப் பதியப்படும் என்பதையும் முன்னதாகவே எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தங்கள் பள்ளியில் இதெல்லாம் நடக்காது, நம் முறைக்கு ஒத்துவராது என்று பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளே அதற்கு மறுப்பு. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007–08-இல் மாநிலமெங்கும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பாடம் முழுவதையும் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்றல் ஏணியாகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். குழந்தை தான் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துப் பாயில் உட்கார்ந்து வேலை செய்யும்; முடிந்ததும் அடுத்த படிக்குப் போகும். விடுப்பெடுத்த குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடரும், வேகமான குழந்தை காத்திருக்காமல் ஏறும். அட்டைகளைப் பராமரிப்பது, பதிவேடுகளை நிரப்புவது என்று ஆசிரியர்களுக்குச் சுமை கூடியது உண்மை. பல பள்ளிகளில் அது சடங்காகத் தேய்ந்ததும் உண்மை. ஆயினும் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்கலாம் என்பதை ஒரு மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் ஏற்று நடத்திக் காட்டின என்பது சாதாரணமானதன்று.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து ஒரே வகுப்பறையில் வெவ்வேறு செயல்பாடுகளைக் கொடுக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் விடுபட்டதை மீட்பது அதன் நோக்கம் என்பதால், வகுப்புக்குரிய நிலையான மலரோடு ஏணி நின்றுவிடுகிறது. மலரையும் தாண்டிய குழந்தைக்கு ஒரு நிலை வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஆசிரியர்களுக்கு நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. மேலே இன்னொரு படியைச் சேர்க்கப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவைப்படாது, தரமான செயல்பாட்டு நூல் ஒன்று போதும்.

தனிப் பள்ளி, தனி வகுப்பு என்று போன ஒரு நாட்டின் அனுபவமும் கவனிக்கத் தக்கது. சிங்கப்பூர் 1984-இல் மீத்திறன் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் இரண்டு கட்டமாகச் சோதித்து, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நான்காம் வகுப்பிலிருந்து ஒன்பது குறிப்பிட்ட தொடக்கப் பள்ளிகளில் தனி வகுப்பில் படிக்கவைத்தார்கள். பாடத்திட்டம் உண்மையிலேயே சிறந்தது; தனிநபர் ஆய்வுகள், பாடங்களை இணைத்துப் பார்க்கும் பணிகள், நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் குழந்தைகள் தங்கள் பள்ளியையும் நண்பர்களையும் விட்டுப் போக வேண்டியிருந்தது. எட்டு வயதில் எழுதும் ஒரு சோதனைக்காகத் தனிப்பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்த வடிவத்தில் திட்டம் தொடராது என்று அறிவித்தார். அந்த ஆண்டு முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள் நான்காம் வகுப்புக்கு வரும் 2027 முதல், எல்லாத் தொடக்கப் பள்ளிகளும் தத்தம் பள்ளியிலேயே இத்தகைய மாணவர்களுக்கான திட்டங்களை நடத்தும். ஏறத்தாழ பத்து விழுக்காட்டினர் பயன்பெறுவார்கள். சோதனையோடு ஆசிரியரின் கண்காணிப்பும் கணக்கில் கொள்ளப்படும். பின்வரும் ஆண்டுகளிலும் சேர வாய்ப்பு இருக்கும். கூடுதலாக வேண்டுவோருக்கு அருகிலுள்ள மையப் பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பின் வகுப்புகள் உண்டு. இவ்வளவு பணமும் திட்டமிடலும் உள்ள நாடு நாற்பது ஆண்டுக்குப் பின் குழந்தையின் சொந்த வகுப்பறைக்கே திரும்பியிருக்கிறது.

கேள்வி கேட்ட தாய்க்குத் தன் மகளின் திறன் கண்ணில் படுகிறது. பள்ளிக்குப் போய்ப் பேசத் துணிவும் இருக்கிறது. அப்படிப் பேச ஆளில்லாத குழந்தைகளைப் பற்றியும் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பிரவர்டு மாவட்டத்தில், பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் சோதிக்கும் வழக்கத்தை மாற்றி, 2005-இல் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவரையும் சொற்கள் குறைந்த வடிவச் சோதனை ஒன்றில் பங்கேற்கவைத்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானிய, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மீத்திறன் திட்டத்தில் சேரும் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பின்னர் நிதிக்குறைவால் அந்த ஏற்பாடு நின்றபோது மீண்டும் சரிந்தது. குழந்தைகளிடம் திறன் இருந்தே இருக்கிறது, பார்க்கும் முறைதான் இல்லாமலிருந்தது. நம் நிலையும் அதுதான். தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது. ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பில். அரசின் மாதிரிப் பள்ளிகளும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான். செங்கல் சூளையிலோ மீனவர் குப்பத்திலோ வளரும் ஒரு கூர்மையான சிறுமி பதின்மூன்று வயது வரை யார் கண்ணிலும் படாமல் காத்திருக்க வேண்டும் என்று நாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். அதற்குள் அவளுடைய ஆர்வம் அடங்கிப்போயிருந்தால் அது அவள் குற்றமாகாது.

பள்ளிக்கு வெளியே செய்யக்கூடியவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அபாகஸ் வகுப்பு கணக்கிடும் வேகத்தைக் கூட்டும், கணிதச் சிந்தனையைக் கூட்டுவதில்லை. பதக்கங்களை அள்ளி வழங்கும் தனியார் ஒலிம்பியாடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965 முதல் இருக்கிறது. அது நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியின் பழைய வினாக்கள், மகள் இன்னும் சற்று வளர்ந்தபின், அவளோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச ஏற்றவை. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் இராயபுரத்தில் நிறுவிய ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குச் சென்னை வரும்போது அழைத்துப் போகலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும், பிரதம் புக்ஸ் இலவசமாகத் தரும் ஸ்டோரிவீவர் தளத்தின் தமிழ்க் கதைகளும், ஊர்ப்புற நூலக உறுப்பினர் அட்டையும் பெரிய செலவில்லாத நல்ல துணைகள். எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும் நேரமும் அவளுக்கு வேண்டும். மாலை முழுவதையும் வகுப்புகளால் நிரப்பிவிடாதீர்கள். பாராட்டும்போது ‘நீ புத்திசாலி’ என்பதைக் குறைத்து, எதை எப்படி யோசித்தாள் என்பதைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். எப்போதும் எளிதாகவே எல்லாம் கிடைத்துவந்த குழந்தை முதல் கடினமான கணக்கில் உடைந்துபோவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்; ஏழு வயதிலேயே அவள் அவ்வப்போது தோற்கும்படியான கணக்கைச் சந்திப்பது நல்லது.

பள்ளி எதற்கும் இணங்காவிட்டால் என்ன செய்வது? ஒரு மறுப்போடு விட்டுவிடாதீர்கள். வகுப்பாசிரியை மறுத்தால் தலைமையாசிரியரிடமும், இந்த ஆண்டு மறுத்தால் அடுத்த ஆண்டின் புதிய ஆசிரியரிடமும் கேளுங்கள். ஏதேனும் ஒரு பாடத்தில் ஏதேனும் ஓர் ஆசிரியர் இசைந்தாலே குழந்தையின் நாள் மாறிவிடும். பள்ளியை மாற்றும் எண்ணம் வந்தால், தேர்வு முடிவுப் பலகையில் மின்னும் மதிப்பெண்களைப் பார்க்காமல், முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் கேள்வி கேட்க விடப்படுகிறார்களா, நூலகப் பாடவேளை உண்மையில் நடக்கிறதா, எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் எழுதுகிறார்களா என்று பார்த்து முடிவெடுங்கள். ஆசிரியை சம்மதித்தால், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காமல், அடுத்த பருவத்துக்குக் கணக்குப் பாடத்தில் மட்டும், அலகுக்கு முன்சோதனை என்ற ஒன்றோடு தொடங்குங்கள். பருவ முடிவில் மகளின் நோட்டை மூவருமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, தமிழைச் சேர்ப்பதா, மேல்வகுப்புக் கணக்குக்கு அனுப்புவதா என்று அப்போது முடிவு செய்யலாம்.